ஆறு பேர் ஆர்க்கிடெக்ட் அலுவலகம், நாலு ஊரில் சைட்: எந்த மென்பொருள் வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கும்பகோணத்தில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் அலுவலகம். மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று சைட்டுகள். வீடுகள்தான் அதிகம், கூடவே ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக் கட்டடம், இப்போது புதிதாக ஒரு சின்ன மருத்துவமனை. வரைபடம் அனுப்புவது, சைட்டில் எழும் சந்தேகம், கான்ட்ராக்டர் பில் எல்லாமே வாட்ஸ்அப்பில் ஓடுகின்றன. எது எங்கே கிடக்கிறது என்று தேடியே பாதி நாள் போய்விடுகிறது. ஒருவர் புரோகோர் என்ற அமெரிக்கக் கட்டுமான மென்பொருளை "வாங்குங்கள்" என்கிறார், இன்னொருவர் "ஆட்டோடெஸ்க்கே எல்லாம் தரும்" என்கிறார், ஆடிட்டர் "எக்செல் போதுமே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மருத்துவமனை வேலைக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

என் பதில்: உங்கள் அளவுக்குப் புரோகோர் வேண்டாம், எக்செல் மட்டும் வைத்தும் சமாளிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஆனால் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டெமோ காட்ட வருபவர் சொல்வதெல்லாம் உங்களுக்காகவே செய்த மாதிரி தெரியும்.

சந்தையில் "கட்டுமான மென்பொருள்" என்று விற்பவை பெரும்பாலும் கான்ட்ராக்டருக்காகச் செய்தவை. ஆள் வருகை, சிமெண்ட் இருப்பு, கம்பி வரவு, சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுத்த முன்பணம், தினசரி செலவு எல்லாம் அதில் இருக்கும். பெங்களூரிலிருந்து வரும் பவர்பிளே அந்த வகை. கான்ட்ராக்டருக்கு அது நல்ல கருவிதான். ஆனால் உங்கள் அலுவலகத்தின் வேலை சிமெண்ட் மூட்டை எண்ணுவது இல்லையே. கட்டுமானக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட்டின் கையில் இருப்பவை வேறு: எந்த வரைபடத்தின் எந்த ரிவிஷன் யாருக்கு எப்போது போனது, சைட்டிலிருந்து என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், கிளையன்ட் எதை மாற்றச் சொன்னார், அதற்கு எவ்வளவு கூடும் என்று தெரிந்துதான் "சரி" என்றாரா, சைட்டுக்குப் போனபோது என்ன பார்த்தீர்கள், கான்ட்ராக்டர் பில்லில் எவ்வளவுக்குச் சான்று கொடுத்தீர்கள். இந்த ஐந்துக்கும் தேதியோடு, வரிசை எண்ணோடு, பிறகு யாரும் திருத்த முடியாத பதிவு வேண்டும். அதைக் கொடுக்காத மென்பொருள் மற்றதில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

முதலில் வரைபடப் பதிவேடு. கல்யாண மண்டபம் போன்ற வேலையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு பீமின் மேல் கம்பியை மாற்றி ரிவிஷன் 2 அனுப்புகிறார். உங்கள் அலுவலகத்திலிருந்து அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அதே குழுவில் அன்றைக்கே நாற்பது போட்டோ, இரண்டு காலை வணக்கம், டைல்ஸ் கடைக்காரரின் கொட்டேஷன். கம்பி கட்டுபவர் கையில் இருப்பதோ போன மாதம் பிரிண்ட் எடுத்து, மடித்து மடித்துக் கிழிந்த ரிவிஷன் 1. தளம் போடும் அன்று காலையில் இது தெரிந்தால் சென்ட்ரிங் மேல் நின்றுகொண்டு எல்லோரும் கத்துவார்கள், அதோடு போகும். தளம் போட்ட பிறகு தெரிந்தால் கதையே வேறு.

இதற்கு நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொரு வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலும் ஒரு க்யூஆர் கோடு. சைட்டில் யார் போனில் ஸ்கேன் செய்தாலும் "இதுதான் நடப்பு ரிவிஷன்" என்றோ "இது பழசு, புதியது இதோ" என்றோ வர வேண்டும். லாகின் கேட்கக் கூடாது. மேஸ்திரிக்கு மின்னஞ்சல் முகவரி இருக்காது. இருந்தாலும் கடவுச்சொல் அவர் மகனுக்குத்தான் தெரியும். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: லாகின் இல்லாத ஒருவர் ஒரு லிங்க்கைத் தட்டி நடப்பு வரைபடத்தைத் திறக்க முடியுமா? ரிவிஷன் மாறினாலும் அதே லிங்க் புதியதைக் காட்டுமா? "முடியும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் வாங்க வேண்டும்" என்றால் டெல்டாவில் அது ஓடாது.

அடுத்தது மாற்றங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கிளையன்ட் சாயங்காலம் ஸ்கூட்டரில் சைட்டுக்கு வருவார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தைப் பார்த்து "இங்கே சின்னதா ஒரு டாய்லெட் வெச்சிடுங்களேன்" என்பார். கான்ட்ராக்டரும் "வெச்சிடலாம் சார்" என்பார். உங்களுக்குத் தெரிய வருவது, வேலை நடக்க நடக்க வரும் ரன்னிங் பில்களில் மூணாவதில் அது எக்ஸ்ட்ரா ஐட்டமாக வந்து உட்காரும்போது. கிளையன்ட்டோ "நான் சும்மா கேட்டேன், செய்யச் சொல்லலையே" என்பார். இருவரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இதை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: நீங்கள் கேள்விப்பட்ட அன்றே ஒரு மாற்றப் பதிவு போட்டு, என்ன மாற்றம், யார் கேட்டார், உத்தேசமாக எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று நாலு வரி எழுதினால், அது கிளையன்ட்டின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு லிங்க்காகப் போக வேண்டும். அவர் "சம்மதம்" என்று தட்டினால் தேதி, நேரத்தோடு பதிவாக வேண்டும். தட்டாமல் விட்டால் அதுவும் தெரிய வேண்டும். பெரிய மென்பொருள்களில் மாற்ற ஆணைக்கு ஏழெட்டுக் கட்டம் இருக்கும்: உத்தேசம், விலைக் கோரிக்கை, சாத்தியமான மாற்றம், உறுதியான மாற்றம் என்று. ஒரு வீட்டு வேலைக்கு அது யானைப் பசிக்குச் செய்த சமையல். அந்தக் கட்டங்களில் எவற்றை மூடி வைக்கலாம் என்று கேளுங்கள். மூட முடியாது என்றால் உங்கள் ஆட்கள் இரண்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

இனி பில். வெளிநாட்டு மென்பொருள் வாங்குபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெமோவில் இது தெரியவும் தெரியாது. அமெரிக்க முறையில் கான்ட்ராக்டர் மொத்தத் தொகையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு அட்டவணை கொடுப்பார். மாதா மாதம் ஒவ்வொரு பகுதியிலும் இத்தனை சதவீதம் முடிந்தது என்று போடுவார். ஆர்க்கிடெக்ட் அந்தச் சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவார். அங்குள்ள ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கமான ஏஐஏயின் ஜி702, ஜி703 படிவங்கள் அப்படித்தான் இருக்கும். மென்பொருளும் அந்தப் படிவத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும்.

நம்முடையது ஐட்டம் ரேட். பிஓக்யூவில், அதாவது வேலை அளவுப் பட்டியலில், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு விலை. அளந்து, எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று எம்-புக்கில், அதாவது அளவைப் புத்தகத்தில், எழுதி, ஜன்னல் கதவு கழித்து, அளவு வர வேண்டும். அளக்கும் முறைக்கு ஐஎஸ் 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. பில் எப்போதும் ஆரம்பத்திலிருந்து இன்று வரை மொத்த அளவு, அதிலிருந்து போன பில் கழித்து இந்தப் பில் என்று வரும். அதன்பின் பிடித்தம் செய்யும் ரிடென்ஷன், கொடுத்த முன்பணத்தின் கழிவு, சைட்டில் இறக்கிய பொருளுக்குக் கொடுத்த அட்வான்ஸ், ஜிஎஸ்டி, வருமான வரிப் பிடித்தம். போதாக்குறைக்கு வரைபடம் மீட்டரில், கான்ட்ராக்டர் பேசுவது சதுர அடியில், எம்-சாண்டும் ஜல்லியும் வருவது யூனிட்டில். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். இதையெல்லாம் அமெரிக்க மென்பொருளின் சதவீதக் கட்டத்தில் திணிக்கப் பார்த்தால் கணக்குப் பார்ப்பவர் வேலையை விட்டே போய்விடுவார்.

ஆகவே பில் அளவைகளை எக்செல்லிலேயே வையுங்கள். உங்கள் ஆடிட்டர் சொன்னது இந்த ஒரு இடத்தில் சரி. மென்பொருளில் போக வேண்டியது பில்லின் சான்று மட்டும்: எந்தப் பில், எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்குச் சான்று கொடுத்தீர்கள், எதை ஏன் வெட்டினீர்கள், அளவைத் தாளின் பிடிஎஃப் இணைப்பு. இவ்வளவு போதும். உங்கள் சொந்தக் கட்டணத்துக்கும் இது உதவும். ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் கட்டண விதிமுறையைப் பின்பற்றி ஒப்பந்தம் போட்டிருந்தால், கட்டுமானக் கட்டத்தில் 20, 40, 60, 80 சதவீதம் வேலை முடியும் படிகளில்தான் உங்கள் தவணை வரும். "இன்னும் நாற்பது ஆகலையே சார்" என்று கிளையன்ட் இழுக்கும்போது சான்று கொடுத்த பில்களின் கூட்டுத்தொகையை ஒரே பக்கத்தில் எடுத்துக் காட்ட முடியும்.

சைட் பார்வை அறிக்கை பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. பல மென்பொருள்களில் "டெய்லி ரிப்போர்ட்" என்று ஒரு பகுதி பளிச்சென்று இருக்கும். உங்கள் பையன்கள் ஆர்வத்தில் அதை நிரப்ப ஆரம்பிப்பார்கள்: இன்று எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், என்ன வேலை நடந்தது என்று. விடச் சொல்லுங்கள். கவுன்சிலின் விதிமுறைப்படியே ஆர்க்கிடெக்ட் செய்வது அவ்வப்போது வந்து பார்ப்பது. தினசரி மேற்பார்வைக்குக் கிளையன்ட் தனியாக ஆள் வைக்க வேண்டும். தினசரி அறிக்கையை நீங்கள் நிரப்பினால், நாளைக்கு ஒரு சுவர் சாய்ந்திருந்தது என்று பிரச்சினை வரும்போது "தினமும் பார்த்தவர்கள் நீங்கள்தானே" என்று அந்த அறிக்கையையே எடுத்து நீட்டுவார்கள். உங்களுடையது "இந்தத் தேதியில் வந்தோம், இந்தப் பகுதியைப் பார்த்தோம், இதைக் கண்டோம், இதைச் சரிசெய்யச் சொன்னோம்" என்ற அளவில் நிற்கட்டும். தினசரி அறிக்கை கான்ட்ராக்டருடையது.

அதே மாதிரி பொத்தான்களின் பெயர். கான்ட்ராக்டர் தரப்பு வரைந்து அனுப்பும் ஷாப் டிராயிங்கோ, டைல்ஸ் மாதிரியோ, ஜன்னல் வேலைக்காரரின் அளவுத் தாளோ வந்தால் மென்பொருள் "அப்ரூவ்ட்" என்று ஒரு பச்சைப் பொத்தான் காட்டும். அதைத் தட்டினால் அளவு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பேற்ற மாதிரி ஆகும். "வடிவமைப்பு நோக்கத்துக்குப் பொருந்துகிறது, அளவுகள் கான்ட்ராக்டர் பொறுப்பு" என்பது போன்ற வாசகமாக அதை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடியாத மென்பொருளும் உண்டு.

பதில் சொல்லும் கெடுவையும் கவனியுங்கள். சந்தேகக் கேள்விக்கு, அதாவது ஆர்எஃப்ஐக்கு, மென்பொருளே ஒரு கெடு தேதி போட்டுவிடும். சிலவற்றில் கேட்பவரே தேதியைப் போடலாம். கெட்டிக்காரக் கான்ட்ராக்டர் சனிக்கிழமை மாலை கேள்வி போட்டுத் திங்கள் காலை கெடு வைப்பார். செவ்வாய் பதில் சொன்னால் சிவப்பு எழுத்தில் "தாமதம்" என்று உங்கள் பெயருக்கு நேராக நிற்கும், அது அழியாது. வேலை தள்ளிப்போய்ப் பஞ்சாயத்து வரும்போது அந்தச் சிவப்புகளின் பட்டியல்தான் முதலில் மேசைக்கு வரும். எனவே ஒப்பந்தத்திலேயே இத்தனை வேலை நாளில் பதில் என்று எழுதி, மென்பொருளிலும் அதே எண்ணைப் பூட்டி வையுங்கள். பந்து இப்போது யார் பக்கம் என்று காட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. கேள்வியை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் திருப்பிவிட்டால், அவரிடம் கிடந்த நாட்களை அவர் கணக்கிலேயே காட்டும்.

நம்ம ஊர்த் தேவைகள் என்று சில இருக்கின்றன. இவற்றை வெளியூர் விற்பனையாளர் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்.

நெட்வொர்க் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் சாதாரண நாளிலேயே சிக்னல் ஆட்டம் காட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் மின்சாரமும் டவரும் திரும்ப எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே நினைவிருக்கும். புயல் அடித்த பின் சைட்டில் என்ன சேதம் என்று படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டியது அந்த நாட்களில்தான். "ஆஃப்லைன் உண்டு" என்று எல்லாரும் சொல்வார்கள். சோதித்துப் பாருங்கள்: போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, ஒரு வரைபடத்தைத் திறந்து, அதன்மேல் குறிப்பு வைத்து, இருபது படத்தோடு ஒரு அறிக்கையை முடியுங்கள். பிறகு ஆப்பை மூடி, போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அலுவலகம் வந்து வைஃபை கிடைத்ததும் எல்லாம் வரிசை மாறாமல், எடுத்த நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா? ஏறிய நேரத்தைப் போட்டுக்கொண்டு எடுத்த நேரத்தை விட்டுவிடும் ஆப்பை வாங்காதீர்கள்.

படம் என்றதும் இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நேரம், இடம் போன்ற உள் விவரங்களையும் நீக்கிவிடும். தளம் போடுவதற்கு முன் எடுத்த கம்பிப் படத்தை ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் கையில் இருப்பது தேதியில்லாத மங்கல் படம். வாட்ஸ்அப்பிலேயேதான் அனுப்பியாக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ். செயலியின் மெனு தமிழில் இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை. நீங்கள் தமிழில் எழுதிய குறிப்பு பிடிஎஃப் ஆகும்போது ஒழுங்காக வருகிறதா என்பதுதான் விஷயம். "கொத்தனார்", "தூண்", "செங்கோணம்" என்று மூன்று சொல்லை அடித்து அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்துப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி வரும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். ஐந்து நிமிடச் சோதனைதான். பெரிய பெயர்களே இதில் விழுவதைப் பார்க்கலாம். மேஸ்திரிக்கும் கிளையன்ட்டின் அப்பாவுக்கும் போகிற அறிக்கை தமிழில்தான் இருக்க வேண்டும், இங்கே சமரசம் கிடையாது. குரல் பதிவை இணைக்க முடியுமா என்றும் பாருங்கள். மேஸ்திரி எழுத மாட்டார், பேசுவார்.

மழைக்கும் தண்ணீருக்கும் ஒரு பதிவு வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன்பே, மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பக்கத்து மனையில் தோண்டிய கடைக்கால் குழியில் ஊற்று ஏறும். வழக்கமான தேதி ஜூன் 12 என்றாலும் வருடா வருடம் அப்படியே நடப்பதில்லை. நடவு, அறுவடை நாட்களில் சித்தாள் கிடைக்காது; தீபாவளி, பொங்கலுக்கு ஊர் போன வடநாட்டுத் தொழிலாளர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டர் காலநீட்டிப்புக் கேட்கும்போது இவையெல்லாம் நியாயமான காரணமா, சாக்கா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள். அன்றன்றே எழுதிய பதிவு இருந்தால் அரை மணி நேர வேலை.

தளம் போடும் நாளுக்கு ஒரு படிவம் செய்துகொள்ளுங்கள். தேதியைப் போட்டால் கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் 7 நாள், 28 நாள் கியூப் சோதனை நினைவூட்டலும், முட்டு எடுக்கும் தேதியும் தானாக வர வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரநிலைப்படி ஸ்லாப் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டரைத் தாண்டினால் 21 நாள். இது சாதாரண ஓபிசி சிமெண்டுக்கு. இங்கே பலரும் போடுவது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டு நாளைக் கூட்டிப் போடுங்கள். கல்யாண மண்டபத்தின் பெரிய பீம் அடியில் இருக்கும் முட்டை, சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டில் பலகை தேவைப்படுகிறது என்பதற்காகப் பத்தாம் நாளே உருவும் வழக்கம் நமக்குத் தெரியாததா? இதற்கு மென்பொருள் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் அதுவே கொடுத்த காசுக்குத் தகும்.

அனுமதிப் பத்திரங்களின் காலாவதித் தேதியும் உள்ளே இருக்கட்டும். தாராசுரம் கோயில் பக்கமோ தஞ்சைப் பெரிய கோயில் பக்கமோ வேலை வந்தால், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்றும் அதிலுள்ள நிபந்தனைகளும் வரைபடத்தோடேயே கிடக்க வேண்டும், பீரோவில் இல்லை. அடுக்குமாடி வேலை எடுத்து அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் பதிவானால், வாங்குபவர்கள் கட்டிய பணம் இருக்கும் தனிக் கணக்கிலிருந்து எடுக்க இன்ஜினியர், ஆடிட்டரோடு ஆர்க்கிடெக்ட்டும் சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் சைட் அறிக்கைகளைத்தான் எடுத்துக் கொடுப்பீர்கள்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன்.

புரோகோர் 2002இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. வலுவான மென்பொருள். எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு எவ்வளவு மதிப்புக் கட்டுமானம் அதன் வழியாக ஓடுகிறது என்பதை வைத்து விலை. அந்தக் கட்டுமானத் தொகை கான்ட்ராக்டரின் வரவு, உங்களுடையது இல்லை. கட்டணத்தில் வாழும் சிறு அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கான்ட்ராக்டரோ, கிளையன்ட் அமர்த்தும் திட்ட மேலாண்மை நிறுவனமான பிஎம்சியோ வைத்திருந்து உங்களை உள்ளே அழைத்தால் போய்ப் பயன்படுத்துங்கள்.

ஆட்டோகேட் தரும் ஆட்டோடெஸ்க், 2018இல் பிளான்கிரிட் என்ற சைட் வரைபட ஆப்பை வாங்கி, தன் பழைய பிம் 360ஓடு சேர்த்துக் கன்ஸ்ட்ரக்ஷன் கிளவுட் ஆக்கியது. பெயரை அடிக்கடி மாற்றுவார்கள், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். நீங்கள் ரெவிட் உள்ள ஏஇசி கலெக்ஷன் என்ற அவர்களுடைய மென்பொருள் தொகுப்புக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் ஆட்டோடெஸ்க் டாக்ஸ் அதிலேயே சேர்ந்து வரும். வரைபட ரிவிஷன், குறிப்பு, பிரச்சினைப் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. பலர் இதைத் தெரியாமலேயே வருடக்கணக்காகப் பணம் கட்டுகிறார்கள். முதலில் உங்கள் சந்தாவைத் திறந்து பாருங்கள். ஆட்டோகேட் எல்டி மட்டும் என்றால் இந்த வழி இல்லை.

புளூபீம் ரெவு வரைபட பிடிஎஃப் மேல் குறிப்பு எழுதவும் அளக்கவும் அருமையானது, விண்டோஸில் ஓடும். ஆனால் அது பதிவேடு இல்லை. ஒரு நல்ல சிவப்புப் பேனா. மருத்துவமனைச் சைட்டுக்கு ஏசி, மெடிக்கல் கேஸ், மின்சாரம் என்று ஷாப் டிராயிங் குவியும்போது ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆர்க்கிடெக்ட்டுகளுக்கென்றே செய்தவையும் உண்டு. நியூஃபோர்மாவின் பலம் மின்னஞ்சலையும் கோப்பையும் வேலைவாரியாகப் பதிவது. கனடாவின் பார்ட்3 கட்டுமானக் கட்ட நிர்வாகத்துக்கு மட்டுமே. நான் மேலே சொன்ன ஐந்து பதிவேட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான். தடை என்னவென்றால் பில் பகுதி அவர்கள் ஊர்ப் படிவத்தில் இருக்கும், விலை டாலரில் இருக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள அலுவலகம் வெளிநாட்டுச் சந்தா வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே வரி கட்டிக் கணக்குக் காட்ட வேண்டியும் வரும். இதை ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சைட் அறிக்கை மட்டும் போதும் என்றால் ஆர்க்கிஸ்நாப்பர் எளிமையானது. பெல்ஜியத்தில் பிறந்தது, இப்போது டெல்டெக் என்ற நிறுவனத்தின் கையில்.

உங்களுக்கு என் பரிந்துரை சோஹோ வழி. நம்ம தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவின் கிரியேட்டர், நாமே படிவங்களைக் கட்டிக்கொள்ளும் கருவி. அதில் அந்த ஐந்து பதிவேட்டையும் ஐந்து படிவங்களாகக் கட்டிக்கொள்ளுங்கள், வரைபடங்கள் அவர்களுடைய கோப்புச் சேமிப்பான வொர்க்டிரைவில். கட்டணம் ரூபாயில், ஜிஎஸ்டி பில் உள்ளூரில், தரவு இந்தியாவில், உதவிக்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் கிடைப்பார். எம்-புக் எக்செல்லில் இருக்கட்டும், பிடிஎஃப் மட்டும் இணையுங்கள். கட்டித் தர வெளியாள் வைத்தால், படிவங்களும் கணக்கும் உங்கள் அலுவலக மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அவர் மின்னஞ்சலில் இல்லை. குறை என்ன? வரைபடத்தின் மேலேயே புள்ளி வைத்துப் பிரச்சினையைக் குறிக்கும் வசதி ஃபீல்டுவயர் போன்ற சைட் ஆப்புகளில் இருக்கும் அளவுக்குச் சுகமாக இருக்காது. ஆஃப்லைனும் நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, மேலே சொன்ன ஃபிளைட் மோடு சோதனையை இதற்கும் வையுங்கள். டாக்ஸ் ஏற்கெனவே உங்கள் சந்தாவில் இருந்தால் வரைபடத்தை அங்கே வைத்து, மாற்றம், பில் சான்று இரண்டை மட்டும் சோஹோவில் வைப்பது இன்னும் நல்லது.

எதை எடுத்தாலும் புது வேலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். புது வேலையில் இன்னும் சிக்கலே ஆரம்பித்திருக்காது, எல்லா மென்பொருளும் நன்றாகவே தெரியும். முடிந்துபோன ஒரு வேலையை எடுங்கள், சண்டை நடந்த வேலையாக இருந்தால் உத்தமம். அதிலிருந்து ஒரு ரிவிஷன் மாற்றம், இரண்டு மூன்று சந்தேகக் கேள்வி, ஒரு எக்ஸ்ட்ரா ஐட்டம், ஒரு ரன்னிங் பில் இவற்றை உள்ளே போட்டுப் பாருங்கள். பிறகு அந்த வேலை தெரியாத ஒருவரை உட்கார வைத்து "மாடிப்படி டாய்லெட்டுக்கு யார் எப்போது சம்மதம் சொன்னார்?" என்று கேளுங்கள். அவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளியேறும் வழியையும் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சோதனைக் கணக்கிலேயே "எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்" என்று தட்டிப் பாருங்கள். பட்டியல் எக்செல்லில் வருகிறதா? இணைப்புகள் எந்தப் பதிவோடு சேர்ந்தவை என்று தெரியும் பெயரில் வருகின்றனவா, இல்லை நீளமான எண்களாகக் கொட்டுகிறதா? யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறும் சேர்ந்து வருகிறதா? சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ரெராவில் பதிவான கட்டடத்தில் கட்டமைப்புக் குறைக்கு ஒப்படைத்து ஐந்து ஆண்டு வரை கட்டி விற்கும் புரமோட்டர் பொறுப்பு. அந்த ஐந்து ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பதிவு தேவைப்படலாம். நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) கேட்கப்படுகிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்து, இரண்டு இடத்தில் வைத்துவிட்டால் பிறகு ஓட வேண்டாம்.

மருத்துவமனை வேலை பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அங்கே பிஎம்சி வந்து "எங்கள் மென்பொருளில்தான் எல்லாம்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு அவர்களுடையது, நீங்கள் விருந்தாளி. வேலை முடிந்த மறுநாளே கதவு மூடலாம்; நடுவில் மனஸ்தாபம் வந்தால் அதற்கு முன்பே மூடலாம். ஆகவே ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நீங்கள் அனுப்பிய வரைபடம், கொடுத்த பதில், சான்று கொடுத்த பில் ஆகியவற்றின் பிரதியை எடுத்து உங்கள் சொந்தப் பதிவேட்டில் போடும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தில் "வேலை முடிந்து இத்தனை ஆண்டு வரை பார்வை அனுமதி" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால் பொதுவாகத் தருகிறார்கள், பின்னால் கேட்டால் தருவதில்லை.

முதல் வருடம் மாதச் சந்தாவாகவே கட்டுங்கள், வருடத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையை ஒருமுறை அந்த மென்பொருள் தாண்டட்டும், அப்புறம் வருடச் சந்தாவுக்கு மாறிக்கொள்ளலாம்.